அம்மாவின் செயற்கை மூட்டு 11 வருடத்தில் ஆட்டம் கண்டுவிட்டது. "உடம்பு ஏத்துக்கல" என்கிறார்கள், உண்மையா?

கொக்கிரகுளம்_செல்வி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 68 வயது. நாற்பது வருடம் சம்மணம் போட்டு உட்கார்ந்து பீடி சுற்றியவள். வலது முழங்காலில் 11 வருடத்துக்கு முன்பு செயற்கை மூட்டு வைத்தோம். பத்து வருடம் எந்தக் குறையும் இல்லை. ஆனித் தேரோட்டத்துக்கு நாலு ரத வீதியும் என்னோடு நடந்து வந்தவள். ஒரு வருடமாகத்தான் உட்கார்ந்து எழுந்தால் முதல் நாலைந்து அடிக்குப் பல்லைக் கடித்துக்கொள்கிறாள். நடக்க நடக்கக் குறைகிறது. போன வாரம் எக்ஸ்ரே படம் எடுத்ததில், கீழ்க்கால் எலும்புக்குள் இருக்கும் உலோகத் தண்டைச் சுற்றி எலும்பு கரைந்து கறுப்பாகத் தெரிகிறது.

மூட்டு வைத்த இடத்தில் வருடம் ஒரு தடவை வந்து படம் எடுக்கணும் என்று ஒருவரும் எங்களிடம் சொல்லவில்லை. வலி இல்லையே என்று நாங்களும் போகவில்லை.

வீட்டில் பேச்சு வேறு மாதிரி. "பத்தியம் இருக்கல, கருவாடும் கத்தரிக்காயும் தின்னா, உடம்பு ஏத்துக்கல" என்கிறார் சித்தி. அம்மா அதை நம்பிவிட்டாள். "நான்தான் வாயைக் கட்டாம கெடுத்துக்கிட்டேன்" என்று ராத்திரி அழுகிறாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேரிக்காட்டான் எழுதியது:

தங்கச்சி, மூட்டு பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் இந்த ஏற்கிற ஏற்காத விஷயத்தில் எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு. எங்களுக்குக் குட்டம் பக்கம் தேரியில் பனை இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு உடைமரத்து முள் செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஏறியது. ஊக்கால் நோண்டிப் பாதியை எடுத்தேன். எருக்கம்பால் வைத்தேன். சீழ் வந்து வற்றிவிட்டது, மீதி முள் வரவே இல்லை. இப்போது அந்த இடத்தில் வேப்பங்கொட்டை அளவு ஒரு கட்டி. அமுக்கினால் உருளுகிறது, பெரிய வலி கிடையாது. அந்த முள்ளை என் உடம்பு ஏற்றுக்கொண்டதா இல்லையா?

பொருநைக்கரையான் எழுதியது:

அபிஷேகப்பட்டிப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, உடம்புக்குள் வைக்கும் பொருள்களை நோய் எதிர்ப்புச் செல்கள் எப்படி நடத்துகின்றன என்பதைச் சோதிக்கும் ஒரு கூடத்தில் எட்டு வருடமாக வேலை செய்கிறேன். இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. முதலில் அண்ணாச்சியின் முள்.

இந்தத் துறையே ஒரு முள்ளில்தான் தொடங்கியது. 1882ல் இத்தாலியின் மெசினா நகரில் மெட்ச்னிகாஃப் என்ற ரஷ்ய விலங்கியலாளர், கண்ணாடி போல உள்ளே தெரியும் நட்சத்திரமீன் குஞ்சுகளுக்குள் ரோஜா முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் காலையில் உருப்பெருக்கியில் பார்த்தால், ஊர்ந்து திரியும் செல்கள் முள்ளைச் சுற்றி மொய்த்திருந்தன. இப்படி விழுங்கும் செல்களைக் கண்டு சொன்னதற்காக 1908ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உங்கள் காலுக்குள் நடந்ததும் அதே கதைதான் அண்ணாச்சி.

ஒரு பொருள் உடம்புக்குள் போன சில விநாடிகளில் இரத்தத்திலும் திசு நீரிலும் உள்ள புரதங்கள் அதன்மேல் படிந்துவிடும். அதற்குப் பிறகு வரும் செல் எதுவும் உலோகத்தையோ முள்ளையோ நேராகத் தொடுவதில்லை. இந்தப் புரதப் பூச்சைத்தான் தொட்டுப் பார்க்கிறது. ஃபைப்ரினோஜன் என்ற புரதம் படிந்து உருக்குலைந்து கிடந்தால், அதுவே "இங்கே காயம்" என்று செல்லுக்குச் சொல்லும். முதல் ஓரிரு நாள் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் வரும். சீழில் பெரும்பகுதி செத்த நியூட்ரோஃபில்தான். அவற்றின் பின்னால் மோனோசைட் என்ற இன்னொரு வகை வெள்ளையணுக்கள் வந்து, திசுவுக்குள் இறங்கி மேக்ரோஃபேஜ் ஆகும். மெட்ச்னிகாஃப் வைத்த பெயர் அது, பெரிய விழுங்கி என்று பொருள்.

மேக்ரோஃபேஜ் விழுங்க முயலும். முள்ளோ அதைவிடப் பல நூறு மடங்கு நீளம், வாய்க்குள் போகாது. அப்போது டி செல், மாஸ்ட் செல் போன்ற மற்ற எதிர்ப்புச் செல்கள் விடும் ஐ.எல்.4, ஐ.எல்.13 என்ற செய்தி மூலக்கூறுகளின் தூண்டுதலில் பல மேக்ரோஃபேஜ்கள் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து ராட்சத செல் ஆகும். ஒரே செல்லுக்குள் பத்து இருபது உட்கருக்கள், சிலசமயம் அதற்கு மேலும். அது பொருளின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டு அமிலத்தையும் நொதிகளையும் விட்டுக்கொண்டே இருக்கும். அதுவும் பலிக்கவில்லை என்றால் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களுக்கு ஆள் அனுப்பும். அவை வந்து கொலாஜன் நாரைப் பின்னி, சில வாரங்களில் பொருளைச் சுற்றி ஒரு உறை கட்டிவிடும். உங்கள் வேப்பங்கொட்டை அந்த உறையாகத்தான் இருக்க வேண்டும்.

ஆகவே உடம்பு முள்ளை ஏற்கவும் இல்லை, துரத்தவும் இல்லை. தனியாக ஒரு அறையில் வைத்துப் பூட்டி, வாசலில் காவலுக்கும் ஆள் போட்டிருக்கிறது. இன்னொன்று, எருக்கம்பாலை இனி வைக்காதீர்கள். தோலை அரித்துப் புண்ணாக்கும். அந்தக் கையோடு கண்ணைத் தொட்டால் கருவிழி கெட்டுவிடும்.

செல்வி அக்கா, மூட்டு பற்றி இரவு எழுதுகிறேன். அது கொஞ்சம் நீளம்.

பாளை_நர்ஸக்கா எழுதியது:

தம்பி சொன்ன உறையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 19 வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நின்றவள். பேஸ்மேக்கர் பேட்டரி தீர்ந்து மாற்ற வருவார்கள். தோலைக் கீறி உள்ளே போனால் நேராகப் பெட்டி கைக்கு வராது. நுங்குச் சுளையை மூடியிருக்குமே வெள்ளைத் தோல், அது மாதிரி வழவழப்பாக ஒரு பை. அதைக் கத்திரியால் திறந்தால்தான் பெட்டி வழுக்கிக்கொண்டு வெளியே வரும். உள்பக்கம் பளபளவென்று இருக்கும். பெட்டியில் பொறித்த எழுத்துகூடப் பையின் சுவரில் லேசாகப் பதிந்திருந்ததை ஒரு தடவை பார்த்தேன். பத்து வருடமாக உடம்பு அவ்வளவு நெருக்கமாகப் போர்த்தி வைத்திருக்கிறது.

செல்வி, ஒன்று முக்கியம். படத்தில் எலும்பு கரைந்தது தெரிந்தால் முதலில் கிருமித்தொற்று இல்லை என்று உறுதி செய்யணும். இரத்தத்தில் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்று உள்ளே அழற்சி இருக்கிறதா எனக் காட்டும் சோதனைகள் பார்ப்பார்கள். மூட்டுக்குள் ஊசி போட்டு நீர் எடுத்து அனுப்புவார்கள். அதற்கு முன்னால் யார் சொன்னாலும் ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிப் போட்டுவிடாதே. போட்டால் கிருமி இருந்தும் சோதனையில் சிக்காமல் போகும்.

ராதாபுரம்_ராஜா எழுதியது:

எல்லாம் மலிவுச் சரக்கு. அரசாங்கம் விலையைக் குறைத்ததும் மட்டமான மூட்டை வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதுதான் காரணம்.

கொக்கிரகுளம்_செல்வி எழுதியது:

அண்ணாச்சி, விலை உச்சவரம்பு வந்தது 2017 ஆகஸ்டில். கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு 54,720 ரூபாயும் வரியும் என்று அப்போது பேப்பரில் படித்தது நினைவிருக்கிறது. அம்மாவுக்கு வைத்தது அதற்கு முன்னால். அண்ணனின் வண்டியையும் ஒரு சங்கிலியையும் விற்றுத்தான் வைத்தோம். மலிவாக எதுவும் வைக்கவில்லை.

பொருநைக்கரையான் எழுதியது:

அக்கா, சொன்னபடி எழுதுகிறேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

செயற்கை முழங்காலில் மேலே உலோகம், கீழே உலோகம், நடுவில் பாலிஎத்திலீன் தட்டு. குடம், பக்கெட் செய்கிற பிளாஸ்டிக்கின் குடும்பம்தான், ஆனால் மூலக்கூறு மிக நீளமானது, உரசலைத் தாங்கும். அந்தத் தட்டு கட்டியாக இருக்கும்வரை செல்கள் பெரிதாகச் சண்டை போடுவதில்லை. ஆனால் அம்மா வைத்த ஒவ்வொரு அடிக்கும் அது கண்ணுக்குத் தெரியாத தூளாக உதிர்ந்திருக்கிறது. அரிசிமாவு அதன் முன்னால் கூழாங்கல். பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டருக்கும் சின்னது, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. முள் மேக்ரோஃபேஜின் வாய்க்குள் போகாது என்றேன் அல்லவா? இந்தத் தூள் கச்சிதமாகப் போகும், ஆனால் செரிக்காது. பாலிஎத்திலீனை வெட்டும் நொதி நம் செல்களிடம் கிடையாது.

விழுங்கிவிட்டுச் செரிக்க முடியாமல் தவிக்கும் மேக்ரோஃபேஜ் டி.என்.எஃப்., ஐ.எல்.1, ஐ.எல்.6 என்று அபாயச் செய்திகளைக் கொட்டும். அந்தச் செய்தி கேட்டு எலும்புப் பக்கத்துச் செல்கள் ராங்க்எல் என்ற புரதத்தை வெளியே நீட்டும். அது ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற எலும்பு தின்னும் செல்லை எழுப்பிவிடும். ஆஸ்டியோகிளாஸ்டும் மேக்ரோஃபேஜ் வழியில் வந்ததுதான், பல செல்கள் உருகிச் சேர்ந்து ஆனது. ராட்சத செல்லுக்குப் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது எலும்பைக் கரைக்கக் கரைக்க, தண்டுக்குப் பிடிமானம் போகும். ஆடினால் உரசல் கூடும், உரசினால் இன்னும் தூள். படத்தில் நீங்கள் பார்த்த கறுப்பு இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். எழுந்ததும் முதல் சில அடிக்கு வலிப்பது தளர்ந்த மூட்டு அடிக்கடி காட்டும் அடையாளம். ஆனாலும் நர்ஸக்கா சொன்ன தொற்றுச் சோதனைதான் முதலில்.

இதில் நான் யாரைப் பார்த்தாலும் சொல்வது ஒன்று உண்டு. என்ன பொருள் என்று கேட்பதோடு, எந்த அளவில், எந்த வடிவில் என்றும் கேட்க வேண்டும். இங்கிலாந்தில் சார்ன்லி என்ற மருத்துவர் இடுப்பு மூட்டுக்கு முதலில் டெஃப்லானைப் பயன்படுத்தினார். டெஃப்லான் எதோடும் வினைபுரியாது, தோசைக்கல்லில் பூசுகிறோமே அதே சரக்கு. கட்டியாக வைத்தபோது சாதுவாகத்தான் இருந்தது. சில வருடத்தில் தேய்ந்து தூளானதும் மூட்டைச் சுற்றிக் கட்டிகட்டியாக எதிர்வினை கிளம்பியது. வைத்தவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் திரும்ப அறுவை செய்ய வேண்டியதாயிற்று. அப்புறம் அந்த மனிதர் டெஃப்லான் துகளையும் பாலிஎத்திலீன் துகளையும் தன் தொடையிலேயே வைத்துப் பார்த்தார். டெஃப்லான் வைத்த இடம் தடித்து வீங்கியது. மூட்டுக்குப் பாலிஎத்திலீனை அவர் பயன்படுத்தத் தொடங்கியது 1962ல். இன்றைய மூட்டுகளில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவை. தன் நோயாளிகளுக்கு வந்த துன்பத்தைத் தன் தொடையில் வாங்கிப் பார்த்த அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

கருவாட்டுக்கும் கத்தரிக்காய்க்கும் இதில் எந்த இடமும் இல்லை. அம்மா நடந்தாள், தட்டு தேய்ந்தது. பத்து வருடம் நடப்பதற்குத்தானே மூட்டு வைத்தோம்?

கல்லிடை_வாத்தியார் எழுதியது:

நல்ல விளக்கம் தம்பி. இருந்தாலும் பத்தியத்தை இப்படி ஒரேயடியாகத் தள்ளுவது எனக்கு உவப்பாக இல்லை. முன்னோர் அனுபவத்தில் சொன்னதில் ஏதாவது காரணம் இருக்கும். இன்னொரு கேள்வி. எனக்கு இரண்டு கண்ணிலும் லென்ஸ் வைத்து 20 வருடம் ஆகிறது. இன்றைக்கும் தினசரியைக் கண்ணாடி போட்டு வரி விடாமல் வாசிக்கிறேன். அதுவும் பிளாஸ்டிக்தானே? அதை ஏன் செல்கள் விட்டுவைத்தன?

பொருநைக்கரையான் எழுதியது:

ஐயா, பத்தியம் முழுக்கத் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. காயம் ஆறும் நாட்களில் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் புகையிலையை விடுவதும் நிச்சயம் உதவும். சர்க்கரை ஏறினால் நியூட்ரோஃபில்கள் கிருமியைக் கொல்வதில் மந்தமாகிவிடும். ஆனால் 11 வருடமாக உதிர்ந்த பிளாஸ்டிக் தூளுக்கு, என்றோ தின்ற கருவாடு பொறுப்பாக முடியாது. ஒரு தாய் அதை நினைத்து அழுகிறாள் என்பதால்தான் அழுத்திச் சொன்னேன்.

கண் லென்ஸ் கதை அழகானது. இரண்டாம் உலகப் போரில் விமானத்தின் கண்ணாடிக் கூண்டு உடைந்து, அதன் சில்லுகள் சில விமானிகளின் கண்ணுக்குள் தங்கிவிட்டன. கூண்டு செய்தது பெர்ஸ்பெக்ஸ் என்ற அக்ரிலிக் பிளாஸ்டிக்கில். சில்லு உள்ளே இருந்தும் கண் கொந்தளிக்கவில்லை என்பதை ஹரால்ட் ரிட்லி என்ற லண்டன் மருத்துவர் கவனித்தார். 1949 நவம்பரில் அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து முதல்முறையாக ஒரு நோயாளிக்கு வைத்தார். நம் திருநெல்வேலியில் அரவிந்த் கண் மருத்துவமனை வந்தது 1988ல். 1992ல் அவர்களுடைய ஆரோலேப் மதுரையில் லென்ஸ் செய்யத் தொடங்கிய பிறகுதான் அது ஏழைகளுக்கும் எட்டும் விலைக்கு வந்தது.

லென்ஸ் ஏன் தாக்குப்பிடிக்கிறது என்றால், கண்ணின் முன்பகுதி எதிர்ப்புச் செல்களின் கொந்தளிப்பை அடக்கியே வைத்திருக்கும் இடம். லென்ஸ்மேல் பாரம் இல்லை, உரசல் இல்லை, தூளும் இல்லை. அப்படியும் அறுவைக்குப் பிறகு லென்ஸ் பரப்பில் மேக்ரோஃபேஜும் ராட்சத செல்லும் ஒட்டியிருப்பதை உருப்பெருக்கியில் மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

ஐயா, உங்கள் வீட்டு ஆச்சி கையில் பச்சை குத்தியிருந்தார்களா? என் ஆச்சிக்கு முன்கையில் கோலம் போல இருந்தது, எண்பது வயதிலும் அழியவில்லை. அதுவும் மேக்ரோஃபேஜ் வேலைதான். தோலுக்குள் போன மையை அவை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அந்தச் செல் செத்தால் மை வெளியே சிந்தும், பக்கத்தில் புதிதாக வந்த மேக்ரோஃபேஜ் அதை உடனே விழுங்கிக்கொள்ளும். 2018ல் பிரான்சில் எலிகளை வைத்து இதைக் காட்டினார்கள். அறுபது வருடத்து மையைத் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றிக்கொண்டிருக்கின்றன அந்தச் செல்கள். ஆச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிய நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது.

மேலப்பாளையம்_காதர் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். எங்க உம்மாவுக்கும் அடுத்த மாதம் மூட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். உம்மாவுக்குக் கவரிங் கம்மல் போட்டால் ரெண்டே நாளில் காது வெந்து நீர் வடியும். தங்கம் மட்டும்தான் சேரும். உள்ளே வைப்பதும் உலோகம்தானே? பயமாக இருக்கிறது.

பொருநைக்கரையான் எழுதியது:

வ அலைக்கும் ஸலாம் காக்கா. கவரிங்கில் கலந்திருக்கும் நிக்கலால்தான் பெரும்பாலும் அப்படி வரும். இது மேக்ரோஃபேஜ் தனியாகச் செய்வது கிடையாது. நிக்கல் அயனி நம் புரதத்தோடு ஒட்டிக்கொள்ள, அதை அடையாளம் கண்டு நினைவில் வைக்கும் டி செல்கள் நடத்துவது. அதனால்தான் போட்ட உடனே வராமல் ஒன்றிரண்டு நாள் கழித்து வருகிறது.

கோபால்ட் குரோமியம் மூட்டிலும் சிறிதளவு நிக்கல் இருக்கும். தோலில் ஒவ்வாமை உள்ள நிறையப் பேருக்கு உள்ளே வைத்த மூட்டு தொந்தரவு தருவதில்லை. ஆனாலும் காது விஷயத்தை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். டைட்டானியத்தில் செய்தது, மேலே பீங்கான் போன்ற பூச்சு போட்டது என்று மாற்று உண்டு. டைட்டானியத்தின் மேல் தானாகவே மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகிவிடும், எலும்பு அதன்மேல் நேராகவே வளர்ந்து பிடித்துக்கொள்ளும். பல் இம்பிளாண்ட் நிற்பது அந்தப் பிடியில்தான். சுவீடனில் பிரனெமார்க் 1965ல் முதல் நோயாளிக்கு அதை வைத்தார்.

பாளை_நர்ஸக்கா எழுதியது:

அப்படியானால் செல்களை அடக்கி வைக்க மருந்து கொடுத்தால் என்ன தம்பி? சில பேஸ்மேக்கர் வயரின் நுனியில் ஸ்டீராய்டு வைத்து வருகிறதே.

பொருநைக்கரையான் எழுதியது:

சரியான இடத்தைத் தொட்டீர்கள் அக்கா. வயர் நுனியில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கசிவதால் அந்த ஒரு புள்ளியில் மட்டும் வீக்கமும் உறையும் குறையும், பேட்டரியும் நாள்படும். ஆனால் உடம்பு முழுக்க மேக்ரோஃபேஜை முடக்கினால் காயம் ஆறாது, கிருமி புகுந்துவிடும். உறையே கூடாது என்றும் சொல்ல முடியாது. குடலிறக்கத்துக்கு வைக்கும் பாலிப்ரொப்பிலீன் வலை நிற்பதே, அந்த நார் கண்ணிகளுக்குள் புகுந்து பின்னிக்கொள்வதால்தான். அதே நார் சர்க்கரை அளக்கும் சென்சாரைச் சுற்றினால் சர்க்கரை உள்ளே போகாமல் அளவு தப்பும்.

அதனால் பொருளின் வடிவத்தை மாற்றிச் செல்லின் போக்கைத் திருப்பப் பார்க்கிறார்கள். முப்பது நாற்பது மைக்ரோமீட்டர் அளவில் ஒரே சீரான துளைகள் இருந்தால் உறை மெலிந்து உள்ளே இரத்தக் குழாய்கள் வளர்கின்றன. 2015ல் வந்த ஒரு ஆய்வில், கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டில் அரை மில்லிமீட்டர் உருண்டையையும் ஒன்றரை மில்லிமீட்டர் உருண்டையையும் விலங்குகளுக்குள் வைத்தார்கள். சின்ன உருண்டையில் நார் அப்பியது, பெரியது தெளிவாக இருந்தது. அதே சரக்கு, அளவு மட்டும்தான் வேறு. எங்கள் கூடத்தில் இப்போது நான் செய்வதும் இந்த வழியில்தான். உருண்டையை வெளியே எடுத்து நார் இல்லாமல் பளிச்சென்று இருப்பதைப் பார்க்கும் நாளில் சாப்பாடுகூட மறந்துபோகும்.

கொக்கிரகுளம்_செல்வி எழுதியது:

முந்தாநாள் மூட்டில் நீர் எடுத்தார்கள். கிருமி இல்லை. தம்பி எழுதியதை அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். "அப்போ நான் தின்னது இல்லையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நெத்திலிக் கருவாடு இருக்கா என்று கேட்டாள். சித்தியே வறுத்துக் கொடுத்தார்.

பிளாஸ்டிக் தட்டையும் கீழ்த் தண்டையும் வியாழக்கிழமை மாற்றுகிறார்கள். பி பாசிட்டிவ் இரத்தம் இரண்டு யூனிட் வேண்டும். பாளையிலோ ஜங்ஷனிலோ யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

மேலப்பாளையம்_காதர் எழுதியது:

நான் பி பாசிட்டிவ். புதன் காலை வருகிறேன். தம்பியும் வருவான்.

கொக்கிரகுளம்_செல்வி எழுதியது:

அறுவை முடிந்தது. காதர் காக்காவுக்கும் அவர் தம்பிக்கும் எங்கள் குடும்பமே கடமைப்பட்டிருக்கிறது. கழற்றிய தட்டை மருத்துவர் காட்டினார். மஞ்சள் பூத்திருந்தது. கால் உள்பக்கம் சாயும் இடத்தில் மட்டும் குழிந்து, விளிம்பில் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது. விரலால் தடவினேன், பெருவிரல் அதில் பதிந்து உட்கார்ந்தது. அந்தக் குழியில் இருந்ததெல்லாம்தான் தூளாகப் போயிருக்கிறது. அடுத்த படம் ஆறாவது வாரம், அப்புறம் வருடா வருடம். சுவர்க் காலண்டரில் இப்போதே எழுதிவிட்டேன்.

தேரிக்காட்டான் எழுதியது:

தங்கச்சி, மனசு நிறைந்தது. இதையெல்லாம் படித்துவிட்டு நானும் போனேன். எக்ஸ்ரேயில் முள் தெரியாது என்று சொல்லி ஸ்கேன் எடுத்தார்கள். அரை மணி நேரத்தில் மரக்கவைத்து எடுத்துவிட்டார்கள். நர்ஸக்கா சொன்ன மாதிரியே நுங்குத் தோல் போல ஒரு வெள்ளைப் பை, சோற்றுப் பருக்கையைவிடக் கொஞ்சம் பெரிது. மருத்துவர் கத்தியால் அதைக் கீறிக் காட்டினார். உள்ளே முள் கறுத்துப்போய்க் கிடந்தது, முனை கொஞ்சமும் மழுங்கவில்லை.